சுன்யோ இல்லாமல் ஃப்ரிகாசே இல்லை

நேற்று ஒரு சமையல் காணொளி பார்த்தேன். பொலிவியாவின் காரமான பன்றிக் குழம்பான ஃப்ரிகாசே என்று தலைப்பு. பன்றிக்கறி சரி, மஞ்சள் மிளகாய் சரி. சுன்யோ, அதாவது உறையவைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கு, மட்டும் இல்லை. கடைசியில் "சுன்யோ கிடைக்கலேன்னா சாதா உருளைக்கிழங்கு போட்டுக்கலாம்" என்று சொல்லி, சோற்றின் மேல் ஊற்றி முடித்துவிட்டார்கள். லா பாஸ் நகரத்தில் ஏழு மாதம் இருந்து, ஞாயிறுதோறும் சந்தையில் ஃப்ரிகாசே சாப்பிட்டவன் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. பன்றியும் பூண்டும் சீரகமும் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை. அந்த மண்ணுக்கே உரியவை அஹி அமரீயோ என்கிற மஞ்சள் மிளகாய், மோட்டே என்கிற தோல் நீக்கி வேகவைத்த பெருமணி மக்காச்சோளம், பிறகு சுன்யோ. இந்த மூன்றில் கை வைத்தால் மிச்சம் இருப்பது ஏதோ ஒரு பன்றிக் குழம்பு, அவ்வளவுதான்.

சுன்யோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் ஆண்டிஸ் மேட்டுநிலத்தில், ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில், இரவில் கடும் உறைபனி. கிழங்கை வெட்டவெளியில் பரப்பிவிடுவார்கள். இரவில் கல்லாக உறையும், பகல் வெயிலில் இளகும். சில நாள் இப்படிப் போனதும் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, காயவைப்பார்கள். கறுத்துச் சுருங்கி, கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. வருஷக்கணக்கில் கெடாது. கசப்புக் கிழங்கு வகைகளைச் சாப்பிட ஏற்றதாக ஆக்குவதும் இந்த வித்தைதான். இன்கா அரசின் களஞ்சியங்களில் இது இருந்தது. பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குச் சுன்யோ கொண்டுபோய் விற்றே பல ஸ்பானியர்கள் பணக்காரர்களாக ஊர் திரும்பியதாக 16-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பானிய வரலாற்றாசிரியர் சியேசா தெ லியோன் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் சாதாக் கிழங்கா?

ருசியிலும் இரண்டும் வேறு. சாதாக் கிழங்கு குழம்பில் கரைந்து மாவாகும். சுன்யோ பஞ்சு மாதிரி குழம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடித்தால் மண்வாசனையோடு காரம் இறங்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி, ஒட்டியிருக்கும் தோலைத் தேய்த்தெடுத்து, தனியாக வேகவையுங்கள். குழம்போடு சேர்த்துக் கொதிக்கவிட வேண்டாம்.

கறி எலும்போடு பெரிய துண்டுகளாக இருக்கட்டும். லா பாஸ் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே கறி வேக நேரமெடுக்கும். நம் ஊரில் அந்தக் கஷ்டம் கிடையாது, ஆனாலும் அவசரப்படாதீர்கள். கடைசியில் ரொட்டித் தூள் தூவினால் குழம்பு கெட்டிப்படும். கூழாகிவிடக் கூடாது.

பரிமாறும் முறை: குழிவான தட்டில் முதலில் மோட்டே, சுன்யோ. மேலே கறி. பிறகு கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. பக்கத்தில் மரகெத்தா ரொட்டியும் ஒரு கிண்ணம் யாஹ்வாவும். லொகோட்டோ மிளகாய், தக்காளி, கில்கிஞ்யா இலை மூன்றையும் பதான் கல்லில் அரைப்பதுதான் யாஹ்வா. மிக்ஸியில் அடித்தால் நுரைத்துப்போகும். சுன்யோ கிடைக்கவே இல்லையா, மோட்டேயைக் கூடுதலாகப் போடுங்கள். சோறு வேண்டவே வேண்டாம்.

ஒரு ஞாயிறு விடியற்காலை. இரவெல்லாம் ஆடிவிட்டு வந்தவர்களும் மூட்டை தூக்குபவர்களும் ஒரே பெஞ்சில். நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் சுன்யோ தீர்ந்திருந்தது. அண்டாவில் பாதிக்கு மேல் கறி இருந்தும் கடைக்கார அம்மா ஒரு தட்டுகூட ஊற்றவில்லை. "காசெரீட்டோ, சுன்யோ வேகுது, உட்காருங்க" என்றார். காசெரீட்டோ என்றால் வாடிக்கைக்காரரே என்று செல்லமாக அழைப்பது. எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. இருபது நிமிஷம் கழித்துத் தட்டு வந்தது. பாதி சாப்பிட்டதும், யாப்பா, நம் கொசுறுதான், ஒரு கரண்டிக் குழம்போடு இரண்டு சுன்யோவும் விழுந்தது.