கன்னியா வெந்நீர் எலும்பு முள்ளைக் கரைக்காது

“கன்னியா வெந்நீரில் ஏழு நாள் குளித்தால் எலும்பு முள் கரைந்துவிடும். முழங்கால் மாற்றியவர்களும் குளிக்கலாம், ஆனால் மூன்று மாதம் காலை மடக்கக் கூடாது” என்றொரு தகவல், அந்த வெந்நீர்க் கிணறுகள் உள்ள திருகோணமலையில் கைபேசிகளில் சுற்றி வருகிறது. இது தவறு. பின்பற்றினால் ஆபத்தும் கூட.

எலும்பு முள் என்பது உப்புப் படிவு அல்ல. மூட்டின் குருத்தெலும்பு தேயும்போது ஓரத்தில் வளரும் உண்மையான எலும்பு. எந்த நீரும் அதைக் கரைக்காது. கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றும்போது இறுகிய தசை தளர்கிறது, வலி சற்றுக் குறைகிறது. அந்தச் சுகம் மெய்தான். முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.

முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் விடயத்தில்தான் எனக்குப் பெரும் கவலை. காயம் முழுமையாக ஆறுமுன் பொதுக் கிணற்று நீர் பட்டால் கிருமி உள்ளே போகலாம். செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் மீண்டும் அறுக்க வேண்டி வரலாம். காலை மடக்காமல் கிடந்தால் மூட்டு இறுகிவிடும், நாளத்தில் இரத்தம் உறையவும் கூடும். பெரும்பாலும் சத்திரசிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைப்பதும், படுத்தபடியே குதிகாலை மெல்லப் பின்னிழுத்து முழங்காலை மடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வலிக்கும், ஆனாலும் சொல்லித்தந்தபடி செய்யுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.