ஒல்லியாக இருந்தால்தான் பையன் சட்டையா?

இன்ஸ்டாகிராமில் 'டாம்பாய் லுக்' என்று தேடிப் பாருங்கள், வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். நீளக் கழுத்து, சின்ன முகம், தட்டையான மார்பு, மெலிந்த கை கால், அதன் மேல் தொளதொளவென்று ஓர் ஆண் சட்டை. அந்தத் தொளதொளப்புதான் அழகே, உள்ளே ஆள் கம்மி என்பதால் துணி நன்றாக விழுகிறது. நான் 5 அடி 3 அங்குலம், மார்புச் சுற்று 42, தோள் குறுகல், இடுப்பும் தொடையும் அகலம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சட்டையும் பேன்ட்டும்தான், தலையில் கிராப்புதான். என்னைப் பார்த்து இதுவரை ஒருவர்கூட 'டாம்பாய் ஸ்டைல்' என்று சொன்னதில்லை. "ஏம்மா இப்படி ஆம்பள மாதிரி திரியிற?" என்றுதான் கேட்பார்கள். கொஞ்சம் நாசூக்கு தெரிந்தவர்கள், "உனக்கு குர்த்தி போட்டா நல்லா இருக்குமே" என்பார்கள். என் சித்தி மகள் ஒருநாள் மழையில் நனைந்து வந்து, அவசரத்துக்கு என் கட்டம் போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வீடே "எவ்ளோ க்யூட்டா இருக்கா பாரு" என்றது.

அவள் 5 அடியைத் தொடவில்லை. எலும்பு சின்னது, முகம் சின்னது, கண் மட்டும் பெரிது, தாடை கூர். ஃபேஷன் பாஷையில் இவளுக்குப் பெயர் 'கமீன்', அதாவது குறும்புக்காரச் சிறுவனின் சாயல் கொண்ட பெண். ஆனால் ஆள் எப்படி? வெள்ளிக்கிழமை பூ இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள், வளையல் கடையைக் கண்டால் கால் நகராது, சேலை மடிப்பு எடுக்கக் கல்யாண வீடுகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டாம்பாய் சுபாவம் பொட்டுக்கூடக் கிடையாது. எனக்கு அது மட்டும்தான் இருக்கிறது, உடம்பு அதற்கு 'ஏற்றதாக' இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கமீன் என்பது உடம்பு, டாம்பாய் என்பது சுபாவம். இரண்டும் ஒருத்தியிடம் சேர்ந்து அமைந்தால் அது தற்செயல். அந்தத் தற்செயலைத்தான் இத்தனை வருஷமாக ஃபேஷன் உலகம் விதி மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறது. உடம்பு அமையாதவளுக்கு அந்த உடையைப் போட உரிமை இல்லை, உடம்பு அமைந்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லை.

இந்த வகை பிரிக்கிற விளையாட்டு இப்போது ரீல்ஸில் பயங்கர ஓட்டம். நியூயார்க் ஸ்டைலிஸ்ட் டேவிட் கிப்பி 1987-ல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து வந்தது அது. டிராமாட்டிக், நேச்சுரல், கிளாசிக், கமீன், ரொமான்டிக் என்று ஐந்து குடும்பம், அதற்குள் கிளைகள், மொத்தம் 13. தோள் கூரா உருண்டையா, கை நீளமா குட்டையா, கன்னத்தில் சதை எப்படி என்று கேள்வி கேள்வியாகக் கேட்டு உங்களை ஒரு பெட்டியில் உட்கார வைப்பார்கள். கூர்மை ஒரு பக்கம், மென்மை ஒரு பக்கம் என்று சீனத் தத்துவத்தின் யின்-யாங் தராசு வைத்து அளப்பதுதான் அடிப்படை. அந்தத் தராசும் கிப்பி கண்டுபிடித்ததில்லை, 1930-களிலேயே அமெரிக்காவில் பெல் நார்த்ரப் என்ற ஆசிரியை உடை பற்றிப் பாடம் நடத்தும்போது பயன்படுத்தியதுதான்.

இதில் துணி பற்றிச் சொல்வதை நான் மதிக்கிறேன். சின்ன உடம்புக்கு நீளமாக ஒரே நிறத்தில் வழிகிற துணி ஆகாது, ஆளை முழுங்கிவிடும். கோடு உடைய வேண்டும், சட்டை இடுப்போடு நிற்க வேண்டும், பேன்ட் கணுக்காலுக்கு மேல் முடிய வேண்டும், காலர் சின்னதாக இருக்க வேண்டும், மேலே கீழே நிறம் மாற வேண்டும். என் தங்கச்சி விஷயத்தில் இது அப்படியே பலிக்கிறது. ஆண்கள் பிரிவின் ஸ்மால் சைஸ் சட்டையைப் போட்டால் நெஞ்சுப் பாக்கெட் வயிற்றருகே போய் நிற்கும். பையன்கள் பிரிவில் 13, 14 வயதுக்கு என்று எழுதியிருப்பதைப் போட்டால் தோள் தையல் தோளிலேயே உட்காரும். இவ்வளவும் அளவு சமாச்சாரம், இதில் தப்பே இல்லை.

அடுத்த வரியில்தான் வம்பு. கமீன் என்றால் துறுதுறு, வாய்த்துடுக்கு, விளையாட்டுத்தனம், ரொமான்டிக் என்றால் இளகிய மனசு என்று குணத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். நம் ஊர் சாமுத்திரிகா லட்சணம் இதைவிடப் பல நூற்றாண்டு முந்தியது, கால் விரலைப் பார்த்தே மருமகள் அடங்குவாளா அடங்கமாட்டாளா என்று சொன்னவர்கள் நாம். அமெரிக்காவில் 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் இதையே விஞ்ஞானம் என்று செய்து பார்த்தார். ஒல்லியானவர் கூச்சக்காரர், பருத்தவர் ஜாலிக்காரர், கட்டுமஸ்தானவர் துணிச்சல்காரர் என்று மூன்று கட்டம். உளவியல் அதை எப்போதோ ஓரங்கட்டிவிட்டது, ஜிம் பையன்கள்தான் எக்டோமார்ஃப், எண்டோமார்ஃப் என்று அந்தப் பெயர்களை இன்னும் காப்பாற்றி வருகிறார்கள்.

சரி, அந்த 'அமைந்த உடம்பு'தான் எங்கிருந்து வந்தது? கமீன் என்றதும் முதலில் எல்லோரும் காட்டுவது ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னை. கறுப்பு பேன்ட், தட்டைச் செருப்பு, குட்டை முடி. சின்ன உடம்புக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்போம், அவர் உயரம் 170 சென்டிமீட்டர். நம் ஊரில் பின்வரிசையில் நிற்க வைப்பார்கள். அந்த மெலிவுக்குப் பின்னால் சிறுவயது பாலே பயிற்சி இருக்கிறது, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் பட்டினி கிடந்ததும் இருக்கிறது. பஞ்சத்தில் அடிபட்ட ஒரு பெண்ணின் உடம்பைக் கொண்டுவந்து மாதிரியாக வைத்துவிட்டு, இட்லி தோசை தின்று வளர்ந்த நம்மை அதில் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அடுத்தவர் பிரிட்டிஷ் மாடல் ட்விக்கி. 1966-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அவரை அந்த வருஷத்தின் முகம் என்று அறிவித்தபோது வயது 16. அந்த வயதில் அந்த மெலிவு அதிசயமில்லை. 36 வயதிலும் அதையே எதிர்பார்ப்பதுதான் அநியாயம்.

1920-களில் பையன் சாயல் மோகம் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்தபோது அங்கே எல்லாப் பெண்களும் தட்டையாகவா இருந்தார்கள்? இல்லை. மார்பை அழுத்தித் தட்டையாக்குவதற்கென்றே உள்ளாடை விற்றார்கள், பக்கவாட்டில் நாடா போட்டு இறுக்கிக் கட்டுகிற ரகம்கூட இருந்தது. கார்செட்டைக் கழற்றிப்போட்ட தலைமுறை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவர்களில் பலர் இடுப்பைக் கட்டுவதை விட்டுவிட்டு நெஞ்சைக் கட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுபாவம் முன்னால் வந்து உடை பின்னால் வந்ததைப் பார்க்க பாரிஸ் போக வேண்டியதில்லை. மணலூர் மணியம்மையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர். பிராமண வீட்டு விதவை. அந்தக் காலத்தில் விதவைக்கு என்ன கோலம் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. அவர் கிராப்பு வெட்டிக்கொண்டார், வேட்டியும் சட்டையும் உடுத்தி வயல் வயலாகப் போனார். தோள் கூரா உருண்டையா என்று யார் அளந்தார்கள்? பெண்கள் கிராப் வைத்துக்கொள்ளட்டும், ஆண்களைப் போல உடுத்தட்டும் என்று பெரியார் மேடையில் பேசியபோதும் ஒல்லியானவர்கள் மட்டும் என்று சொல்லவில்லை. வேலை செய்ய வசதி, நேரம் மிச்சம் என்பதுதான் அங்கே பேச்சு.

எனக்கும் அதுதான். நான் நடப்பதே எட்டு எட்டாக, உட்கார்ந்தால் காலை அகட்டித்தான் உட்காருவேன். சாவி, ஃபோன், பர்ஸ் மூன்றும் பாக்கெட்டில் இருந்தால்தான் கை சும்மா இருக்கும், கைப்பை எடுத்துப் போனால் எங்காவது வைத்துவிட்டு வருவேன். துப்பட்டாவுக்குப் பின் குத்துகிற பொறுமை என் ஜாதகத்திலேயே இல்லை. இதற்கெல்லாம் சட்டை பேன்ட்தான் ஒத்துவருகிறது.

ஆனால் டாம்பாய் சுபாவம் என்று ஒரே ஒரு சுபாவம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. என்னோடு வேலை செய்கிற ஒருவர் வாரம் முழுக்கச் சாம்பல் நிற டிஷர்ட்டும் கறுப்பு பேன்ட்டும். யாரும் தன்னைக் கவனிக்கக் கூடாது என்பதுதான் அவர் ஸ்டைலே, பேச்சும் அப்படித்தான் அளந்து வரும். நான் கவனிக்கட்டும் என்று நினைக்கிற ரகம். எனக்கு மஞ்சள் கட்டம், கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி, தைரியம் வந்தால் வெயிஸ்ட்கோட். இரண்டு பேருமே ஆண்கள் பிரிவில்தான் வாங்குகிறோம், பக்கத்தில் நிறுத்தினால் ஒரே ஸ்டைல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுபாவம் உடையை மாற்றுவது இந்த மாதிரி இடத்தில்தான், நிறத்திலும் சத்தத்திலும். இன்னும் சிலருக்கு இது உடைப் பிரச்சினை மட்டுமில்லை, தான் யார் என்கிற கேள்வியே இதில் இருக்கிறது. அதை அவர்கள் சொல்வதுதான் சரி, நான் குறுக்கே பேசவில்லை.

இப்போது உடம்பு எங்கே வருகிறது என்று கேட்டால், தையலில் வருகிறது. ஆண் சட்டைக்கு முன்பக்கம் டார்ட், அதாவது உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கிற மடிப்பு, கிடையாது, பலகை மாதிரி நேராக வெட்டியிருப்பார்கள். மார்பு பெரிதாக இருந்தால் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவே வாயைப் பிளக்கும். அதைத் தவிர்க்க ஒரு சைஸ் ஏற்றினால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், கை விரலை மூடும், பின்னால் சட்டை பாவாடையாகத் தொங்கும். "அப்போ லேடீஸ் ஷர்ட் வாங்கேன்" என்பார்கள். வாங்கிப் பாருங்கள். துணி உள்ளே இருப்பதைக் காட்டும், காலர் துவண்டு விழும், பாக்கெட் இருக்கிற இடத்தில் பாக்கெட் மாதிரி ஒரு தையல் மட்டும் இருக்கும். இந்தப் போலிப் பாக்கெட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ.

என் வழி இது. மார்புக்குச் சரியாக இருக்கிற ஆண் சட்டையை வாங்க வேண்டும், மற்றதைக் குறைக்க வேண்டும். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் மலிவாகக் கிடைக்கிறது, சட்டை விலையில் மிச்சமாவதை டெய்லருக்குக் கொடுக்கிறேன். கையைக் கழற்றி, தோளைக் குறைத்து, ஆம்ஹோலை, அதாவது கை பூட்டுகிற வட்டத்தை, திரும்ப வெட்டி, கையை மறுபடி பூட்டச் சொல்வேன். கை நீளத்தைக் கஃப் பக்கம் தொடாமல் மேலேயே குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கஃப் அழகு போய்விடும். பக்கத் தையலிலிருந்து மார்பை நோக்கிச் சின்னதாக ஒரு டார்ட், வெளியே தெரியவே தெரியாது. வாய் பிளக்கிற இடத்தில் உள்பக்கம் ஒரு டிச் பட்டன். நெஞ்சுப் பாக்கெட் இருந்தால் பிரித்தெடுத்துவிடுவேன், பெரிய மார்பின் மேல் அது அனாவசியமாகக் கண்ணை இழுக்கும். அதற்குப் பதில் பக்கத் தையலில் பாக்கெட் வைக்கலாம். ஓரம் நேராக, இடுப்பெலும்பில் முடிய வேண்டும். துணி ரொம்ப மெலிசும் ஆகாது, ரொம்ப விறைப்பும் ஆகாது. விறைப்பான துணி மார்பிலிருந்து நேராகக் கூடாரம் போட்டுவிடும். நடுத்தரக் காட்டன், நாலைந்து முறை துவைத்தது என்றால் உத்தமம்.

எங்கள் தெரு ஜென்ட்ஸ் டெய்லர் முதலில் அளவெடுக்கவே கூச்சப்பட்டார். நல்ல பொருத்தமாக இருக்கிற சட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதைப் பார்த்து அளவு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். இப்போது அவரே, "தங்கச்சி, இந்தத் துணி உங்களுக்கு நிக்காது" என்று திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

தலைமுடிக்கும் இதே கதைதான். பியூட்டி பார்லரில் பாய்கட் கேட்டால், பாவம் என்று நினைத்து பாப் கட்டில் நிறுத்திவிடுகிறார்கள். வெட்டுவதற்கு முன் "வீட்ல கேட்டுட்டீங்களா?" என்று வேறு கேட்பார்கள், எனக்கு 36 வயது. ஆண்கள் சலூனில் இந்தக் கேள்வியெல்லாம் இல்லை, மிஷின் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். என் முடி அடர்த்தி, சுருட்டை, முகம் உருண்டை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே உயரம் விட்டால்தான் முகத்துக்கு எடுப்பு, எல்லாப் பக்கமும் ஒரே நீளம் விட்டால் தலை பந்தாகிவிடும். தங்கச்சிக்கு என்ன வெட்டினாலும் பொருந்தும், அந்த முகவாக்கு அப்படி. பார்க்கிறவர்கள் எல்லாம் "உனக்கு பாய்கட் செமையா இருக்கும், வெட்டிக்கோ" என்று அவள் உயிரை எடுக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது இடுப்பு வரை பின்னலும் அதில் ஒரு முழம் பூவும். பொருந்துகிறது என்பதற்காக வெட்டிக்கொள்ள வேண்டுமா என்ன?

சட்டைக் கதை இப்படியாக ஒரு வழிக்கு வந்துவிட்டது. பேன்ட் கதைதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆண் பேன்ட்டில் இடுப்புக்குச் சரியாக எடுத்தால் தொடையில் ஏறாது, தொடைக்கு எடுத்தால் பின்னிடுப்பில் ஒரு கை நுழைகிற இடைவெளி. பெல்ட் போட்டு இறுக்கினால் துணி கொசுவம் கொசுவமாக நிற்கிறது. இடுப்பு 34, சீட் 44, தொடை 26. நான்கு பாக்கெட்டும் நிஜப் பாக்கெட்டாக வேண்டும். திருப்பூர், கோவைப் பக்கம் இந்த அளவுக்கு முகம் சுளிக்காமல் பேன்ட் தைத்துத் தருகிற டெய்லர் யாரையாவது தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். "குர்த்தி போடுங்க சிஸ்டர்" என்று எழுத வருகிறவர்கள் அப்படியே தாண்டிப் போய்விடலாம்.