விழுந்த பிறகுதான் தெரிந்தது
அயர்லாந்துக் குத்துக்கற்கள், அதாவது பழங்காலத்தில் செங்குத்தாக நட்டு வைத்த பெரிய கற்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பஞ்செஸ்டவுன் கல்லை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, மனசு கேட்கவில்லை. அங்கே கில்டேர் மாவட்டத்தில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் தன்னந்தனியாக நிற்கும் கிரானைட் கல் அது, அடியில் தடித்து மேலே போகப்போக ஊசி மாதிரி ஒல்லியாகி, மொத்த நீளம் 7 மீட்டர், எடை 9 டன்னுக்கு மேல். 1931-ல் விழுந்துவிட்டது. அப்போதுதான் அடியில் வெண்கலக் காலத்துக் கற்பேழை, அதாவது இறந்தவரை அடக்கம் செய்யும் கல்பெட்டி ஒன்று இருப்பது தெரிந்தது, உள்ளே வெறுமை. யாருக்காகக் கட்டினார்களோ! 1934-ல் திரும்ப நட்டார்கள். கை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரே சொரசொரப்பு, அங்கங்கே பாசி. போகிறவர்கள் தயவுசெய்து அந்தக் கல்லைச் சுரண்டாதீர்கள், பெயர் கீறாதீர்கள், சட்டம் காக்கும் தேசியச் சின்னம் அது.