மூக்கால் பார்க்கும் ஜாதகம்

போன மாதம் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். போர்வைக்குள் கிண்டிலை வைத்துக்கொண்டு வாசித்ததெல்லாம் ஓநாய் மனிதர்கள் கதைதான். இரண்டு ஆண்கள் காதலிப்பார்கள். ஒருவன் பௌர்ணமிக்கு ஓநாயாக மாறுவான், இல்லையென்றால் ரத்தம் குடிப்பான், அதுவும் இல்லையென்றால் ஏற்கெனவே செத்து ஆவியாகத் திரிவான். கே பாராநார்மல் ரொமான்ஸ் என்று ஆங்கிலத்தில் இதற்குத் தனிச் சந்தையே இருக்கிறது. நண்பனிடம் சொன்னேன். "மனுஷனுக்கே வழியக் காணோம், உனக்கு ஓநாய் கேக்குதா?" என்றான். மனுஷனுக்கு வழி இல்லாததால்தான் ஓநாய் வந்தது என்று அப்போது பதில் சொல்லத் தோன்றவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1914-இல் எழுதி முடித்தார். இரண்டு ஆண்களின் காதல் கதை. கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அன்றைய இங்கிலாந்தில் அந்தக் காதலுக்குச் சிறைதான். ஊருக்குள் அவர்களைக் குடிவைக்க இடமில்லை என்பதால் இருவரையும் காட்டுக்குள் அனுப்பிக் கதையை முடித்துவிட்டார். அந்தப் புத்தகமே அவர் இறந்த பிறகு, 1971-இல்தான் வெளிவந்தது. காட்டுக்குள் போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள், உடம்புக்கு முடியாதபோது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஓநாய்க் கதைக்காரர்கள் செய்த நல்ல காரியம், அதே காட்டில் ஒரு வீட்டைக் கட்டி, அடுப்பு மூட்டி, பத்துப் பேரைக் கூட்டி உட்கார வைத்ததுதான்.

டி.ஜே. க்ளூனின் 'வுல்ஃப்சாங்' (2016) நாவல் அப்படிப்பட்ட வீடு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அப்பன் விட்டுவிட்டுப் போன பையன் ஆக்ஸ், கார் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். பக்கத்து வீட்டுக்கு பென்னெட் குடும்பம் வந்து சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பந்தியில் ஆக்ஸுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. அந்தக் குடும்பமே ஓநாய்க் குடும்பம் என்பதுதான் பெரிய ரகசியம். அந்த வீட்டில் ஒருவன் ஆணை விரும்புகிறான் என்பது செய்தியே இல்லை. யாரும் அழுது மாய்வதில்லை, டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை, "ஊர் என்ன சொல்லும்" என்பதில்லை. இருபது வயதில் இப்படி ஒரு சாப்பாட்டுக் காட்சி என் கைக்குக் கிடைத்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். அதே புத்தகத்தில், ஒரு வருஷத்துக்கு மேல் வாயே திறக்காத பென்னெட் வீட்டுப் பையன், பத்து வயது ஜோ, பதினாறு வயது ஆக்ஸைப் பார்த்ததும் பேச ஆரம்பிக்கிறான். அவனுடைய வாசனையை வர்ணித்துத் தள்ளுகிறான். பிறகு கல்லில் செதுக்கிய சிறிய ஓநாய் ஒன்றைக் கொடுக்கிறான். ஓநாய் தன் இணைக்குக் கொடுக்கும் அடையாளம் அது என்பது பிற்பாடுதான் தெரியவருகிறது. காதல் என்று ஆரம்பிப்பது பல வருஷம் கழித்துத்தான், அதை நான் மறைக்கவில்லை. முதல் தடவை வாசித்தபோது அந்தக் கல் ஓநாய்க்காக அழுதிருக்கிறேன். இந்தத் தடவை காய்ச்சலோடு வாசித்தபோது உறுத்தியது. பத்து வயதிலேயே ஒருவனுக்கு இன்னொருவன் என்று முடிவாகிவிட்டது. அப்புறம் நானூறு பக்கம் என்ன மிச்சம்?

'விதித்த இணை' என்ற இந்தச் சங்கதி இந்த வகைக் கதைகளில் பாதிக்கு மேல் ஓடுகிறது. மோப்பம் பிடித்தான், பொருத்தம் சரி, தட்டு மாற்றிக்கொள்ளலாம். நம் வீடுகளில் கட்டத்தைப் பார்த்துச் சொல்வதை இவர்கள் மூக்கால் பார்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். (யோனிப் பொருத்தத்தில் குதிரை, யானை, நாய், பூனை, எலி வரைக்கும் உண்டு. ஓநாய்க்குத்தான் இடமில்லை.) "எனக்கு யார் வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன்" என்று வீட்டில் நின்று மல்லுக்கட்டிய ஆட்கள் நாங்கள். எங்கள் காதல் கதையிலும் அந்த வார்த்தையைப் பிடுங்கி விதியின் கையில் கொடுத்தால் எப்படி?

இந்த விஷயத்தில் பழைய அமெரிக்க நாவலாசிரியை ஆன் ரைஸ் எவ்வளவோ தேவலை. அவருடைய ரத்தக் காட்டேரி நாவல் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' வந்தது 1976-இல். அதில் வரும் காட்டேரிகள் லூயியும் லெஸ்டாட்டும் விதித்த இணையெல்லாம் இல்லை, தினம் ஒரு சண்டை. லூயி விட்டுப் போய்விடுவான் என்று பயந்து லெஸ்டாட் ஐந்து வயதுச் சிறுமி க்ளாடியாவை ரத்தக் காட்டேரியாக மாற்றிக் குடும்பத்தில் சேர்க்கிறான். "ஒரு குழந்தை வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும் அத்தைகளை நமக்குத் தெரியாதா என்ன! எதுவும் சரியாவதில்லை. அந்தக் குழந்தை வளரவே வளராது. ரைஸின் சொந்த மகள் 1972-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அது தெரிந்த பிறகு க்ளாடியா வரும் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடிவதில்லை. இத்தனைக்கும் அந்த நாவல் இருவரின் காதலைப் பூடகமாகவே வைத்திருந்தது. 2022-இல் வந்த தொலைக்காட்சித் தொடர்தான் போட்டு உடைத்தது.

இன்னொரு கோளாறு உவமையிலேயே இருக்கிறது. ஒளிந்து வாழும் காட்டேரி, ஒளிந்து வாழும் கே ஆண். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'ட்ரூ ப்ளட்' என்ற காட்டேரித் தொலைக்காட்சித் தொடரின் தலைப்புக் காட்சியில் "கடவுள் கோரைப்பல்லை வெறுக்கிறார்" என்று ஒரு பலகை வரும், தன்பாலீர்ப்பாளரைத் திட்டும் பலகையை நக்கலடித்து. ஆனால் காட்டேரி நிஜமாகவே கழுத்தைக் கடிக்கும். அதைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட நியாயம் இருக்கிறது. என்னைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? வாடகைகூட ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன்.

கூட்டத்தையே அடக்கி ஆளும் தலைவன் என்று சொல்லப்படும் 'ஆல்ஃபா' ஓநாய் பற்றியும் ஒரு வார்த்தை. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த கதை அது. 1970-இல் தன் புத்தகத்தால் அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999-இல் தானே திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். உறுமி அடக்கும் தலைவன் கூண்டுக்குள் பிறந்தவன். நாவல்களில் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறான், எதிரில் இருப்பவனைப் பழைய காலத்துப் பொண்டாட்டி மாதிரி நடத்திக்கொண்டு. நிஜப் பெண்களோ மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறார்கள், இல்லையென்றால் டீ கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நேற்று இன்னொன்று வாங்கியிருக்கிறேன். ஓநாய்தான். நான் தேடுவது ஒரே ஒரு காட்சி. மூக்கு "இவன்தான்" என்று சொல்ல வேண்டும், எதிரில் நிற்பவன் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல வேண்டும், ஓநாய் சரி என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு சதவீதம் வாசித்திருக்கிறேன், இன்னும் மோப்பம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.