தப்பான விடையைப் படிக்கத் தெரிய வேண்டும்

"கணக்குல முதுகலை முடிச்சிருக்கேன். அதைச் சொல்லித் தர எதுக்கு இன்னொரு படிப்பு, அதுக்கப்புறம் இன்னொரு உரிமம்?" என்று தம்பி முறையாகும் ஒருவன் போன வாரம் கேட்டான். பலர் மனதில் இருக்கும் கேள்விதான். பதினாலு வருஷமாக வகுப்பில் நிற்கிறேன், கடைசி ஆறு வருஷமாக ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் என் வகுப்புக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். தப்பு என்று சொல்ல யாராலும் முடியும். சிவப்பு மையில் ஒரு குறி, பக்கத்தில் 25, அடுத்த நோட்டு. ஆனால் அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 35 போடவில்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறது. பிறகு 5-லிருந்து 2 போக 3. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று என்றைக்கோ காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே பிள்ளைக்கு 85-லிருந்து 48 கொடுத்தால் 43 என்று எழுதும். அது எழுதுவதற்கு முன்பே நாம் சொல்லிவிடலாம். அந்தத் தப்புக்கு ஒரு விதி இருக்கிறது. விதி எது என்று பார்க்காமல் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால், பத்தையும் அதே விதிப்படி போட்டு, தப்பை இன்னும் ஆழமாகப் பதித்துக்கொண்டு வரும்.

கணிதத்தில் முதுகலை முடித்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் படித்த எந்தத் தாளிலும் இது வராது. கல்வியியல் ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பெயர் கொடுத்தது. பாட அறிவு தனி, பொதுவாகப் பாடம் நடத்தும் திறமை தனி, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே உள்ள அறிவு தனி என்றார். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும், எது குழப்பிவிடும் என்பதெல்லாம் இந்த மூன்றாவதில் அடங்கும். கலிபோர்னியாவில் 1875-இல் ஆசிரியர்களுக்கு வைத்த தேர்வுத்தாளை அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துப் பார்க்கிறார். கேள்விகளில் பெரும்பகுதி பாடம் பற்றியதுதான். அவர் காலத்துத் தேர்வுகளுக்கு வந்தால் பாடம் காணாமல் போய், நடத்தும் முறை மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டுமே அரைகுறை என்பது அவர் வாதம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், "நாமும்தானே அத்தனை வருஷம் ஸ்கூல்ல உட்கார்ந்தோம், வாத்தியார் வேலை என்னன்னு தெரியாதா" என்ற நம்பிக்கை. டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இலேயே கணக்குப் போட்டார்: பள்ளியை விட்டு வெளியே வருவதற்குள் ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார். ஆனால் நாம் பார்த்தது பெஞ்சிலிருந்து. அந்தக் கேள்வியை ஏன் கேட்டார், அந்தப் பையனை ஏன் அப்போது எழுப்பினார், நேற்று ராத்திரி எதை யோசித்து எதை விட்டார் என்பதெல்லாம் பெஞ்சிலிருந்து தெரியாது. அதனால்தான் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் தங்களுக்குப் பிடித்த பழைய ஆசிரியரின் குரலில் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என் பயிற்சிக் காலத்தில் ரெக்கார்டு நோட்டுக்குப் போன இரவுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் குறிக்கோள், துணைக்கருவி, ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். ஓரக்கோடு சரியில்லை என்று ஒரு நோட்டு திரும்பி வந்தது. "மாணவர் செயல்" கட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதினோம்: மாணவர்கள் கவனிக்கின்றனர், விடை கூறுகின்றனர். எந்த மாணவர், என்ன விடை, ஏன் அந்த விடை என்று கேட்க அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. பார்வையிட வந்த பேராசிரியர் பத்து நிமிடம் நின்றார், கையெழுத்துப் போட்டார், கிளம்பினார். அன்று ஒரே நாளில் அவர் நான்கு பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்பாடு அப்படி இருந்தது.

என்னைக் காப்பாற்றியது பள்ளியில் எனக்கு வாய்த்த வழிகாட்டி ஆசிரியை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பாடம் முடிந்ததும் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இருபத்திரண்டு கேள்வி கேட்டிருக்கேம்மா. பதினேழுக்கு நீயே பதில் சொல்லிட்டே. நாளைக்குக் கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு எண்ணு. அதுவரைக்கும் வாயத் திறக்காதே."

மறுநாள் தசமப் பாடம். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது, ஏன் என்று கேட்டேன். ஒன்று எண்ணுவதற்குள் இரண்டு பையன்கள் "0.35" என்றார்கள். 35, 5-ஐ விடப் பெரியதுதானே. உடனே திருத்த நாக்கு துடித்தது. இரண்டு. வகுப்பில் சத்தமே இல்லை, சாக்பீஸை இறுக்கிப் பிடித்திருந்தேன். மூன்று. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "மீட்டர்ல நெனச்சுப் பார்த்தா, 0.5னா அரை மீட்டர் மிஸ். 0.35 அரைக்கே வரலையே." அந்த இரண்டு பையன்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தை விட அது நல்ல விளக்கம். இன்றுவரை தசமத்தை மீட்டரிலிருந்துதான் தொடங்குகிறேன்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் இதைத்தான் 1970-களில் பதிவுசெய்து காட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எங்கள் உளவியல் தாளில் இது ஒரு வரியாக வந்து, தேர்வுக்கு மனப்பாடமாகி, மறந்தும் போயிருக்கலாம். எனக்கு இது நிலைத்ததற்குக் காரணம் கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து எண்ணியது.

அதனால் என் கருத்து இதுதான்: உரிமம் வேண்டும், பல்கலைக்கழகப் படிப்பும் வேண்டும், ஆனால் அந்தப் படிப்பின் நடு வகுப்பறையாக இருக்க வேண்டும். பின்லாந்தில் 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலை கட்டாயம். அங்கே பயிற்சிப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களுக்கே சொந்தம், வழிகாட்டுவது அந்தப் பள்ளி ஆசிரியர்களின் வேலையிலேயே ஒரு பகுதி. ஜெர்மனியில் பல்கலைக்கழகம் முடித்த பிறகும், மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு வரை மேற்பார்வையில் சம்பளத்தோடு பாடம் நடத்திய பின்தான் இறுதித் தேர்வு. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மட்டும் வைத்து உரிமம் கொடுத்தால், 35 என்று எழுதிய பிள்ளையிடம் அவர் என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது.

வழிகாட்டும் ஆசிரியருக்கு நேரமும் கொடுக்க வேண்டும். இப்போது பயிற்சி மாணவர் வந்தால் என் பாடவேளை ஒன்றுகூடக் குறைவதில்லை. அவரோடு பேச இடைவேளையில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. சில பள்ளிகளில் பயிற்சிக்கு வருகிறவர்களை விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க ஆளே இல்லாமல் அவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? கத்தத்தான் கற்றுக்கொள்வார்கள்.

தம்பியிடம் சேரச் சொல்லித்தான் சொன்னேன். சேரும் முன் அங்கே படித்து முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து, நீங்கள் நடத்தியதை முழுப் பாடவேளையும் உட்கார்ந்து பார்த்தவர் யார், பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கேள் என்றேன். இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான். ஒருவர் தன் வழிகாட்டி சொன்னதை அரை மணி நேரம் பேசினாராம். இன்னொருவர் ரெக்கார்டு நோட்டை எடுத்துக் காட்டினாராம். முதலாமவர் படித்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.