டைட்டேனியம் வளையாது எண்டது பிழை

தம்பி, டைட்டேனியம் உருக்கை விட மூண்டு மடங்கு பலம், வளையவே வளையாது எண்டு மேல எழுதியிருக்கிறீர், இதை நம்பி ஆரும் காசைக் கொட்டி மீன்பிடி போட்டுக்கு (வள்ளத்துக்கு) ஷாஃப்ட், அதாவது விசிறியைச் சுத்துற தண்டு, செய்விச்சிடுவாங்கள் எண்ட பயத்திலதான் எழுதுறன். பாரம் குறைவெண்டது சரி, ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு 7.8 கிராம், இது 4.5 தான். ஆனா பலமெண்டா எந்த உருக்கோட எண்டு கேக்க வேணும். மைல்ட் ஸ்டீல் எண்ட சாதாரண உருக்கு 400 மெகாபாஸ்கல் (இழுவிசையை அளக்கிற அலகு) அளவில அறும், கிரேட் 5 எண்ட கலப்பு டைட்டேனியம் 900 வரை தாங்கும், நல்லா ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கி ஆறவிட்டுப் பதப்படுத்திறது) குடுத்த அலாய் ஸ்டீல், அதாவது கலப்பு உருக்கு, 1500ஐயும் தாண்டும்.

வளையாது எண்டது முழுப் பிழை. ஒரே தடிப்பில, ஒரே நீளத்தில உருக்குக் கம்பி ஒண்டையும் டைட்டேனியக் கம்பி ஒண்டையும் வைஸில இறுக்கி நுனியில ஒரே பாரத்தைத் தொங்கவிட்டுப் பாரும், டைட்டேனியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாழும், ஏனெண்டா விறைப்பு உருக்குக்கு 200 ஜிகாபாஸ்கல், இதுக்கு 110 சொச்சம். பாரத்தை எடுத்தா நிமிரும்தான், ஆனா ஷாஃப்டுக்கு விறைப்பெல்லோ முக்கியம்.

நான் லேத்தில நிக்கிறவன், டைட்டேனியத்தைக் கடையேக்க சூடு சீவுப்படுற சுருளோட போகாது, கத்தி நுனியிலயே நிண்டு கத்தியைத் தின்னும்.

உப்புத்தண்ணியிலதான் இது ராசா. யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் போட்டில இருக்கிற 304 ஸ்டெயின்லெஸ் போல்டைக் கழட்டினா வாஷருக்குக் கீழ ஊசி குத்தின மாதிரிக் குழி கிடக்கும், டைட்டேனியத்தில அது வராது. ஆனா அலுமினியத்தோட சேர்த்துப் பூட்டிப் போடாதேங்கோ, அலுமினியம்தான் அரிபடும்.