பிரைட்னஸை ஏத்தாதீங்க

"பழைய துப்பறியும் படமெல்லாம் பிரிண்ட் கெட்டு இருட்டாயிடுச்சு, புரொஜெக்டர்ல பிரைட்னஸை முழுசா ஏத்துங்க"ன்னு மேலே போட்டிருக்கீங்க, அண்ணே. அது தப்பு. பெரும்பாலும் அந்த இருட்டு வேணும்னே எடுத்தது. முகத்துல ஒரு பக்கம்தான் விளக்கு. நிழலை நிரப்புற ரெண்டாவது விளக்கு ரொம்பக் குறைவு, சில காட்சியில இல்லவே இல்லை. 1944-ல வந்த ஹாலிவுட் குற்றப் படம் 'டபுள் இண்டெம்னிட்டி'யில ஜன்னல் வழியா விழுற ஒளிக்கீற்று தெரியணும்னு ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் காத்துல அலுமினியத் தூளைப் பறக்கவிட்டார். எவ்வளவு அருமையான வேலை! பிரைட்னஸை ஏத்தினா கறுப்பு சாம்பலாகி, அந்தக் கீற்று கரைஞ்சுடும். நம்ம 'அந்த நாள்' (1954) போட்டாலும் இதே கதிதான்.

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்துல சனிக்கிழமை போடுறவங்க முதல்ல டியூப் லைட்டை அணைங்க. ஜன்னல் வழியா வர்ற தெருவிளக்குதான் பெரிய தொல்லை, கறுப்புத் துணி கட்டுங்க. 8 மணிக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க, ஏழரை வரைக்கும் இங்க வெளிச்சம் இருக்கும். புரொஜெக்டரை சினிமா மோடுக்கு மாத்திட்டு, கறுப்புக் கோட்டு போட்ட ஆள் வர்ற இடத்துல படத்தை நிறுத்துங்க. கோட்டு மடிப்பு மறையுற வரைக்கும் பிரைட்னஸை இறக்கி, ஒரு புள்ளி மட்டும் திரும்ப ஏத்துங்க. ரெண்டு ஓரத்துலயும் கறுப்புப் பட்டை வந்தா அப்படியே விடுங்க; இழுத்து நிரப்பினா முகமெல்லாம் அகலமாயிடும்.